பல் போன பிளேடு

எங்கள் வீட்டில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுக்கவேண்டுமென்றாலும் டோக்கன் மாட்டவேண்டும். அப்பா ஆவடியில் தொழிற்சாலை ஃபிட்டர். அங்கே என்ன சட்டமோ, சென்னீர்குப்பத்து மாடி வீட்டிலும் அதே சட்டம். சுவரில் பலகை, கருவிக்கு ஓர் ஆணி, ஆளுக்கொரு பெயர் போட்ட தகர வில்லை. கருவியை எடுத்தவர் அந்த ஆணியில் தன் வில்லையை மாட்டிவிட்டுப் போகவேண்டும். தேங்காய் உடைக்கச் சுத்தியல் எடுத்தால் அம்மாவும் மாட்டுவாள். கொடுமைதான், என்ன செய்வது!

ஆறாம் வகுப்பில் நான் அந்தச் சட்டத்தை மீறினேன். பள்ளிக் கண்காட்சிக்குக் குட்டி அம்மி செய்கிறேன் பேர்வழி என்று, வில்லை மாட்டாமல் ஆக்ஸா பிளேடை எடுத்துக் கருங்கல் சில்லு ஒன்றை அறுக்கப் பார்த்தேன். இரும்பு அறுக்கிற பிளேடு கல்லை அறுக்குமா? பல்லெல்லாம் போய் வழவழவென்று ஆகிவிட்டது. சத்தமில்லாமல் திரும்ப மாட்டிவிட்டேன்.

நாலாம் நாள் ஏரி உடைந்தது.

எதிர்வீட்டுக் கீழ்த்தளத்தில் சித்தி, ஆறு மாதக் கைக்குழந்தையோடு தனியாக இருந்தாள். சித்தப்பா வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். முழங்கால் தண்ணீரிலேயே அப்பா போய், அவள் வாசல் தூணிலிருந்து எங்கள் படிக்கட்டுக்குக் கயிறு கட்டிவிட்டுக் கூப்பிட்டார். சாமான்களைப் பரணில் ஏற்றிவிட்டு வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டாள். பத்து மணிக்குள் தெருவில் மார்பளவு தண்ணீர். உள்ளே பீரோ சாய்ந்து கதவை அடைத்துக்கொண்டது. கட்டில்மேல் நின்று, குழந்தையைத் தோளில் தூக்கிப் பிடித்தபடி ஜன்னல் கிரில் வழியாகக் கத்தினாள். கட்டிலுக்கு மேலேயும் அவள் முழங்காலைத் தாண்டித் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. நீச்சல் தெரிந்த என் தாய்மாமனுக்கோ கையில் மாவுக்கட்டு.

"கடப்பார எடுத்துகினு போ மாமா. ஒரே நெம்பு, கிரில்லு கையோட வந்துடும்" என்றார் அவர்.

"அதுக்கு ஒரு கை போயிடும் மாப்ள. இந்த இழுப்புல ரெண்டு கையாலயும் கயித்தப் புடிக்கலன்னா நான் காலி. ஆக்ஸான்னா இடுப்புல செருகிக்கலாம். நாலு கம்பி அறுத்தாப் போதும்."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாய் திறக்கவில்லையே! ஒரு டம்ளர் உடைந்தாலே தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறவர் மாமா. சித்தியைவிட, குழந்தையைவிட, அவர் திட்டப்போவதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. இதை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது.

அப்பா படியிறங்கினார். தண்ணீரில் கால் வைக்குமுன், பழக்க தோஷம், கட்டைவிரலால் பிளேடைத் தடவினார். நின்றுவிட்டார். மறுபடி தடவினார். மேலே திரும்பி அம்மாவைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

"பிளேடு மொக்கையாயிருக்கு. நான்தான் மாத்த மறந்துட்டேன். வேற பிளேடும் இல்ல. அந்தக் கடப்பாரையக் குடு."

"இன்னா மாமா நீ, ஃபிட்டர்னு சொல்லிகினு..." மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

"வந்தப்புறம் திட்டு மாப்ள."

ஒரு கையில் கடப்பாரை, ஒரு கையில் கயிறு. நடுத்தெருவில் கால் இடறி முழுகிப்போனார். கயிறு மட்டும் ஆடியது. அம்மா போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்புறம் தலை தெரிந்தது. கிரில்லை நெம்பிப் பெயர்த்து, கடப்பாரையை அங்கேயே போட்டுவிட்டு, குழந்தையைப் புடவைத் துணியால் கழுத்தோடு கட்டிக்கொண்டு, சித்தியை முன்னால் விட்டுக் கரைசேர்த்தார்.

அதற்குப் பிறகு எந்தக் கல்யாணம், எந்தக் காதுகுத்து என்றாலும் மாமா இந்தக் கதையைச் சொல்லாமல் இருந்ததில்லை. பிளேடு மாற்றத் தெரியாத ஃபிட்டர் என்று ஊரே சிரிக்கும். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். நானும் அதை அப்படியே நம்பினேன். பிளேடு நான் தொடுவதற்கு முன்பே மழுங்கியிருக்கிறது, அப்பாவும் மறக்கிற மனிதர்தான் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

இருபது வருட சர்வீஸில் மழுங்கின பிளேடை ஒரு நாள்கூட மாட்டிவைக்காதவர் அவர். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஒற்றைக் கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் தண்ணீரில் இறங்கினாரே, அந்த நேரத்தில் நான், தப்பித்தோமடா சாமி என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.