நோலீனின் தெளிந்த தலை

நோலீன் பள்ளிக்கூட பஸ் ஓட்டியது பத்தொன்பது வருஷம். அறுபது கிலோமீட்டர் செம்மண் ரோடு, பண்ணைப் பிள்ளைகள் ஒன்பது பேர், ஒரு கீறல் விழுந்ததில்லை. மாத்திரைதான் அவளைக் கெடுத்தது என்கிறார்கள். சொல்லட்டும். பக்கத்து வீட்டுக்காரி நான், நடந்தது எனக்குத் தெரியும்.

ஒற்றைத் தலைவலி வந்தால் திரையை இழுத்துவிட்டு, வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்துவிடுவாள். பழைய மாத்திரை ரத்தக் குழாயை இறுக்குமாம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு அது கூடாது என்றாகிவிட்டது. புதன்கிழமைதோறும் எங்கள் ஊருக்கு விமானத்தில் வந்துபோகும் டாக்டர் புதிதாக ஒன்றை எழுதிக் கொடுத்தார்.

"இதை முழுங்கினா எட்டு மணி நேரம் வண்டி எடுக்கக் கூடாது. தலை தெளிஞ்சிடும். அந்தத் தெளிவை நம்பாதீங்க."

அன்று காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தவளுக்குக் கண்ணோரம் மின்னத் தொடங்கியது, தலைவலிக்கு முன்னால் எப்போதும் வரும் மின்னல். பத்து மணிக்கு விழுங்கினாள். இரண்டு மணிக்கெல்லாம் எழுந்து டீ குடித்தாள். மூன்று மணிக்கு பஸ் சாவியை எடுத்தாள்.

"அடியே, ஆறு மணி ஆகலையே!"

"அது ஓட்டுறதா? நேர் ரோடு. ஸ்டியரிங்கைப் புடிச்சிட்டு உக்காந்திருக்கணும், அவ்வளவுதான். எதிர்ல கங்காரு வந்தா லைசென்ஸா கேக்கப்போகுது?"

"பிள்ளைங்கடி."

"அப்ப நீ ஓட்டேன், கிழவி. வேற யாரு இருக்கா? வெயில்ல நிக்குதுங்க."

சாவியைப் பறித்தேன். சிரித்துக்கொண்டே திரும்ப வாங்கிக்கொண்டாள். கை நடுங்கவில்லை, பேச்சு குழறவில்லை. நானும் வழிவிட்டேன்.

மிச்சத்தை அவளே பிறகு சொன்னாள். முதல் பண்ணை கேட்டில் இரண்டு பேர் இறங்கினார்கள். கொஞ்ச தூரத்தில் ஹெட்டி என்ற சிறுமி கத்தினாள்.

"நோல், எங்க கேட் தாண்டிடுச்சு!"

"இன்னும் வரலடி, வாலு."

"அடுத்த வீட்டு கேட்டும் போச்சு! நோல் நம்மளக் கடத்துறா!"

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. கண்ணாடியில் பார்த்தாள், பிள்ளைகள் கம்பியை இறுகப் பிடித்திருந்தார்கள். எதிரே புழுதி எழும்பியது. மூன்று டிரெய்லர் இழுத்து வரும் மாட்டு லாரி, நேராக அவள் மேலே. லாரிக்காரன்தான் தப்பான பக்கம் வருகிறான் என்று நினைத்தாளாம். வலது பக்கம் ஏறிப் போனது அவள்தான்.

ஹெட்டி அலறிய அலறலில் பஸ்ஸைப் புதருக்குள் ஒடித்தாள். லாரி ஹாரன் அடித்தபடி உரசாமல் போனது. இன்ஜினை அணைத்து, பஸ்ஸின் வயர்லெஸ் ரேடியோவில் சொன்னாள்: "வந்து பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போங்க. நான் ஓட்டக் கூடாது."

பஸ் இப்போது வேறொருவர் கையில். தலைவலிக்கு இன்றும் அதே மாத்திரைதான், நன்றாகக் கேட்கிறது. வலி விட்டதும் என்னைக் கூப்பிட்டு, "பாத்துச் சொல்லு, நான் சரியா இருக்கேனா?" என்கிறாள்.

பார்க்கிறேன். சரியாகத்தான் இருக்கிறாள். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தாள்.