வீட்டிலிருந்து ஏறிய ஃபைல்

ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்ன வொர்க்‌ஷாப்புக்கு சி.என்.சி. புரோகிராம் எழுதிக் கொடுப்பது என் வேலை. இரும்பை எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் குடைய வேண்டும், டூல் எந்த உயரத்தில் நகர வேண்டும் என்று மெஷினுக்கு வரிவரியாகச் சொல்லும் ஃபைல்தான் புரோகிராம். முதலில் அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். மகள் பிறந்த பிறகு, மத்திகிரியில் எங்கள் வாடகை வீட்டிலிருந்தே எழுத ஓனர் ஒத்துக்கொண்டார். அலமாரிக்குக் கீழே ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து வீட்டுச் சர்வராக்கினேன். வொர்க்‌ஷாப் சர்வரில் இருக்கும் ஃபைல்கள் தினமும் தானாகவே அதில் வந்து இறங்கும். அங்கே ஏதாவது கெட்டுப்போனாலும் வீட்டில் ஒரு நகல் இருக்கும்.

நாலு வருடம் அப்படியே ஓடியது. பிறகு எனக்குச் சோம்பல் வந்தது. வீட்டில் திருத்தும் ஃபைலை ஒவ்வொரு தடவையும் நானே அனுப்ப வேண்டியிருந்தது. இறங்குவதுபோல ஏறவும் செய்தால் என்ன என்று ஒரு மத்தியானம் செட்டிங்கை மாற்றினேன். இரண்டு பக்கமும் ஒரே பெயரில் ஃபைல் இருந்தால், கடைசியாக சேவ் செய்ததை எடுத்துக்கொள்ளும்படி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு வந்து, எந்த ஃபைல் எப்போது இறங்கியது, ஏறியது என்று சர்வர் குறித்துவைக்கும் லாக்கைத் திறந்து பார்த்தேன். வரிசையாக எல்லாம் இறங்கியவை. ஒரே ஒரு ஃபைல் மட்டும் ஏறியிருந்தது. பம்ப் மூடிக்கான புரோகிராம்.

போன வாரம்தான் அந்த மூடியைப் பிடித்துக்கொள்ள உயரமான புது கிளாம்ப் வந்திருந்தது. அதற்கேற்ப புரோகிராமை மாற்றிக் கொடுத்திருந்தேன். முந்தின நாள் செட்டிங்கை மாற்றுவதற்குச் சற்று முன்னால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பழைய புரோகிராமை எடுத்து அதே பெயரில் வீட்டில் சேவ் செய்தது நினைவுக்கு வந்தது. எப்படியும் புதியது இறங்கி அதை மூடிவிடும் என்ற பழக்கம். இப்போது தலைகீழாக, என் பழையது போய்ப் புதியதை மூடிவிட்டது.

பழைய புரோகிராமில் டூல் தாழ்வாக நகரும். அந்த உயரத்தில் இப்போது கிளாம்ப் நிற்கிறது. முழு வேகத்தில் மோதினால் டூல் உடைந்து துண்டு துண்டாகத் தெறிக்கும். அந்த மெஷினின் கதவைத் திறந்துவைத்தே ஓட்டுவார்கள். கதவு திறந்தால் மெஷினை நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்சை எப்போதோ கழற்றிவிட்டார்கள். நான் அங்கே இருந்தபோதே பார்த்தேன்; வாய் திறந்ததில்லை.

மணி எட்டு ஐம்பது. ஷிப்ட் எட்டரைக்கே தொடங்கிவிடும். அந்த மெஷினில் நிற்பவள் நாட்றாம்பாளையத்துப் பெண், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவளுக்குப் போன் அடித்தேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. ஷிப்ட் நேரத்தில் எல்லோருடைய போனும் வாசல் பெட்டிக்குள் கிடக்கும். ஓனரின் நம்பர் பிஸி. போன வாரம் நான் அனுப்பிய சரியான ஃபைலைத் தேடியெடுத்து வொர்க்‌ஷாப் சர்வரில் போட்டேன்; அதிலும் பிரயோஜனமில்லை. மெஷினில் அவள் ஏற்கெனவே ஏற்றியிருப்பாள்.

ஸ்கூட்டரை எடுத்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் அத்திப்பள்ளி போகும் லாரிகள் அசையாமல் நின்றன. இடுக்கில் நுழைந்து நுழைந்து போனேன். அவள் குனிந்து உள்ளே பார்க்கிற விதம் கண் முன்னால் வந்துவந்து போனது. கண்ணில் பட்டால்? கழுத்தில் பட்டால்? சிக்னலில் சத்தமாக, "நிறுத்து, நிறுத்து" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்தில் பைக்கில் இருந்தவர் கன்னடத்தில் ஏதோ கேட்டார். பச்சை விழுந்ததும் முறுக்கினேன்.

வொர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தபோது அந்த மெஷின் ஓடவில்லை. அதன் கதவு மூடியிருந்தது. கதவுக் கண்ணாடியில் உள்பக்கமாகச் சிலந்தி வலைபோல் விரிசல். தரையில் ரத்தம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இல்லை. அவள் சுவரோரம் ஸ்டூலில், மடியில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்த மேஜைமேல் ஹெல்மெட்டை வைத்தேன்.

ஓனர் கத்திக்கொண்டிருந்தார். "கண்ணு எங்க வெச்சிக்கினு இருந்த? பழைய புரோகிராம எதுக்கு ஏத்தின?"

"சர்வர்ல இருந்ததத்தான் சார் ஏத்துனேன்."

"சர்வர்ல புதுசுதான் இருக்குது. நானே பாத்தேன்."

அவர் பார்த்தது, கிளம்பும் முன் நான் போட்டுவைத்தது. இன்னொரு பயம் அப்போதுதான் வந்தது. நடந்தது என் வீட்டுச் சர்வரின் லாக்கில் மட்டும்தான் இருக்கிறது. நான் பேசாமல் நின்றால் யாருக்கும் தெரியாது. இந்த வேலை போனால் மத்திகிரியில் உட்கார்ந்தபடி வேறு வேலை கிடைக்காது. அவளுக்கும் அப்படித்தான். அவள் என்னைப் பார்த்தாள், நான் எதற்கு வந்தேன் என்றே தெரியாமல். எவ்வளவு நேரம் சும்மா நின்றேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"சார், அவ சரியாத்தான் ஏத்திருக்கா. பழச அனுப்புனது நான்," என்றேன். செட்டிங்கை மாற்றியது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். ஓனர் விரிசல் விழுந்த கண்ணாடியை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "அந்த செட்டிங்க இப்பவே எடுத்துடும்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு ஆபீஸுக்குள் போனார்.

அவள் எழுந்து வந்தாள். "டூல் மேல அடிக்கிற தண்ணி இன்னிக்கி ரொம்ப தெறிச்சிச்சிக்கா. அதனாலதான் கதவ சாத்துனேன். இல்லன்னா தலைய உள்ள வுட்டுக்கினு பாத்திருப்பேன்." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, வீட்டுச் சர்வருக்குள் நுழைந்து, ஏறுவதை நிறுத்தி, இறங்குவதை மட்டும் விட்டேன். பிறகு ஓனரிடம் போய், கதவு சுவிட்சை மாட்டாமல் மெஷினை ஓட்ட வேண்டாம் என்றேன். முறைத்தார். ஆனால் எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தார்.

புது கண்ணாடியும் சுவிட்சும் மாட்டி முடிக்க மூன்று நாள் ஆனது. அன்று நானும் போயிருந்தேன். அவள் புரோகிராமை ஏற்றி, வேகத்தை மிகவும் குறைத்தாள். "நீங்களும் பக்கத்துல நில்லுங்கக்கா," என்றாள்.

நின்றேன். டூல் மெதுவாக இறங்கியது. நானே எழுதிய எண்கள். நாலு தடவை சரிபார்த்தவை. இருந்தும் நம்ப முடியவில்லை. கிளாம்புக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டு டூல் கடந்துபோனது. அவள் ஸ்டாப் பட்டனிலிருந்து கையை எடுக்கவில்லை. முதல் மூடி வெளியே வந்ததும் துணியால் துடைத்து, சூடு ஆறாமலே என் கையில் கொடுத்தாள்.