கற்பூரம் அடித்தவள்

சர்க்கார் நடைமுறைகள் எனக்கு அத்துப்படி. ஊர்ப் பஞ்சாயத்தின் நடைமுறை அவற்றைவிடக் கச்சிதமானது. அதில் யாரும் விடுதலையாவதில்லை.

சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுத் திண்டிவனத்தில் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கிளியனூர்ப் பக்கத்திலிருந்து கணவனை இழந்த ஒரு பெண் வந்தாள். அவள் கொழுந்தனாரின் பேரனுக்கு வலிப்பு, முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். குறி சொல்கிறவன், பிள்ளையில்லாத சொந்தக்காரி ஒருத்தி செய்வினை வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டான். அந்தக் குடும்பத்தில் பிள்ளையில்லாதவள் இவள் ஒருத்திதான். அம்மன் கோயிலில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, 'நான் செய்யவில்லை' என்று சத்தியம் செய்ய வேண்டும். மறுத்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது பஞ்சாயத்துத் தீர்ப்பு.

"சத்தியம் பண்ணாதம்மா. ஸ்டேஷன்ல மனு கொடு."

"ஸ்டேஷனுக்குப் போயிட்டு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அந்தத் தெருவுல இருக்கறதுங்க? நான்தான் ஒண்ணும் பண்ணலியே, அடிச்சிட்டு வர்றேன்."

"புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா பொய்ச் சத்தியம்னுவாங்க."

"பொழச்சிக்கும் சார். டாக்டரே சொல்லிட்டாரு."

"பொழச்சா?"

என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்துவிட்டுப் போனாள்.

கற்பூரம் அடித்தாள். பிள்ளை பிழைத்து வீடு திரும்பியது. அதன் தாய் வெற்றிலை பாக்கோடு வந்து இவள் காலில் விழுந்தாள்.

"எடுத்துட்டீங்களே அத்த, நல்லா இருப்பீங்க."

"நான் என்னாத்தடி எடுத்தேன்?"

"நீங்க வெச்சதத்தான்."

மருத்துவர் கொடுத்த மாத்திரையை யாரும் குறை சொல்லவில்லை. மாத்திரை நோயைத் தீர்த்தது. நோய் வந்ததற்கு இவள். விஞ்ஞானத்தோடு அவர்களுக்குச் சண்டையே கிடையாது. அதன்பின் இவள் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்க ஆள் வரவில்லை. இவளிடம் வந்து இனிக்கப் பேசிய ஒரே ஆள், தன் பங்காளிக்கும் ஒன்று வைக்கச் சொன்னான்.

மறுபடியும் என்னைத் தேடி வந்தாள். மனு எழுதிக் கொடுத்து, ஸ்டேஷனுக்கும் கூடவே போனேன்.

"யாராவது அடிச்சாங்களா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"இல்லீங்க."

"திட்டினாங்களா?"

"கால்ல வுழுந்தாங்க சார்."

ஸ்டேஷனே சிரித்தது. நன்றி சொல்வதைக் குற்றமாக்கும் பிரிவு எதுவும் இல்லை. இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு விழுப்புரத்தில் இருக்கும் தம்பியிடம் போனாள். தம்பி மனைவி வாசலுக்கே வந்து, "வாங்க அண்ணி" என்று அன்பாகக் கூப்பிட்டாளாம், கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு.