காலம் குறிக்காத சீட்டு

இங்கே நோயாளியைப் பற்றி நான் எழுதும் கடிதத்தின் நகல் அந்த நோயாளிக்கே போகிறது. வட இங்கிலாந்தில் எந்நேரமும் தூறிக்கொண்டிருக்கும் ஒரு நகரத்தில் மனநல மருத்துவனாகச் சேர்ந்தபோது எனக்கு முதலில் பிடிபடாமல் போனது இதுதான். குடும்ப மருத்துவருக்கு நான் எழுதியது உறைக்குள் போய், யாரைப் பற்றி எழுதினேனோ அவர் வீட்டுக் கதவிடுக்கு வழியாகவும் விழும். ஒருநாள் மார்கரெட் என்ற அறுபது வயதுப் பெண்மணி அப்படி வந்த கடிதத்தோடு என் எதிரில் உட்கார்ந்தார். ஒரு வரியின் கீழே பென்சில் கோடு. "ஒழுங்கற்ற தோற்றத்தில் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு மழை, டாக்டர். என்னிடம் குடை இல்லை." குடைக்கு வழியில்லை என்கிறார் போலும் என்று எண்ணி, சமூகப் பணியாளரிடம் சொல்லி ஏற்பாடு செய்யட்டுமா என்று கேட்டேன். "எனக்குக் குடை வேண்டாம். அந்த வரியை எடுத்துவிடுங்கள்" என்றார்.

எடுத்துவிட்டேன். இரண்டு நிமிட வேலை. ஆனால் எடுக்க முடியாத ஒரு வரியை நான் பெரம்பலூரில் எழுதிவிட்டு வந்திருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. தா.பழூர்க்காரனான நான் படிப்பை முடித்துவிட்டுப் பெரம்பலூரில் புதன்கிழமைதோறும் மனநலப் புறநோயாளிகளைப் பார்த்துவந்தேன். ஒரு மேசை, ஒரு நாற்காலி, நீளமான ஒரு பெஞ்சு. கூட்டம் வராந்தா வரை நிற்கும். அப்படி ஒரு புதன்கிழமை மல்லிகாவை அழைத்து வந்தார்கள். உடையார்பாளையம் பக்கத்து ஊர்ப் பெண், எறையூரில் வாழ்க்கைப்பட்டவள், கணவன் கரும்பு வெட்டப் போகிறவன். பிள்ளை பெற்று இருபது நாள்கூட ஆகவில்லை. தூக்கமில்லாமல், யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி, குழந்தையை எடுத்துக்கொண்டு கரும்புக் காட்டுக்குள் போய்விட்டாளாம். மாமியாரும் அவளுடைய அண்ணன் கலியபெருமாளும் இரண்டு பக்கமும் பிடித்திருந்தார்கள். குழந்தை வீட்டில். அவள் சேலையில் மார்புப் பக்கம் இரண்டு இடத்தில் பால் கசிந்து ஈரமாகிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன், பார்வையை மாற்றிக்கொண்டேன். பேசியதெல்லாம் அவளைப் பிடித்திருந்தவர்களிடம்தான்.

"கொழந்தைய இவகிட்ட வுடலாமா சார்?" என்று மாமியார் கேட்டார்.

"இப்ப வுடாதீங்க."

"அத எழுதிக் குடுத்துடுங்க சார். நாளைக்கு இவ ஊரு ஆளுங்க வந்து கேப்பாங்க."

எழுதிக் கொடுத்தேன். தாய் குழந்தையைப் பராமரிக்கத் தகுதியற்றவர் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கீழே கையெழுத்து, முத்திரை. 'இப்ப' என்று வாயால் சொன்ன சொல் தாளில் ஏறவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர் நின்றார்கள் என்று இத்தனை வருடமாக எனக்கே சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன்.

மருந்து வேலை செய்தது. நான்காவது மாதம் தலை வாரி, பொட்டு வைத்து, அண்ணனோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளை அதற்குள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். குழந்தை எறையூரிலேயே இருந்தது. "சார், நான் இப்ப நல்லாத்தானே இருக்கேன்? இன்னொரு சீட்டு எழுதிக் குடுங்க சார். அந்தச் சீட்டத்தான் காட்டிக் காட்டி வெரட்டுறாங்க" என்றாள். நல்லாத்தான் இருந்தாள். ஆனாலும் நான் கலியபெருமாளைப் பார்த்து, "ஆறு மாசம் மாத்திரை சாப்பிடட்டும், அப்பறம் பாக்கலாம்" என்றேன். ஐந்தாவது மாதம் எனக்கு இங்கே வேலை கிடைத்தது. விமானம் ஏறிவிட்டேன்.

மார்கரெட் வந்துபோன அடுத்த வருடம், மீட்சி சார்ந்த மனநலப் பராமரிப்பு என்று மருத்துவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். பாடம் நடத்த ஒரு பேராசிரியர் வருவார் என்று கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு போனேன். வந்தவர் டெனிஸ், எங்கள் வார்டு ஒன்றில் ஒருகாலத்தில் அடைபட்டுக் கிடந்தவர். நோய் போனால் போதும் என்று நினைக்காதீர்கள், அந்த ஆள் எந்த வாழ்க்கைக்குத் திரும்ப ஆசைப்படுகிறார் என்று அவரிடமே கேட்டு அதற்குத் துணை நில்லுங்கள் என்பதுதான் அவர் பாடத்தின் சாரம். ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தபடி உட்கார்ந்திருந்தேன். மறக்க முடியாத ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லச் சொன்னார். என் முறை வந்தபோது மல்லிகாவைச் சொன்னேன்.

"அவளுக்கு என்ன வேண்டியிருந்தது?" என்று கேட்டார் டெனிஸ்.

"ஆறு மாத மருந்து. தொடர்ந்த கண்காணிப்பு."

"அது உங்களுக்கு வேண்டியிருந்தது. அவள் என்ன கேட்டாள்?"

"இன்னொரு சீட்டு." சொல்லிவிட்டு அவசரமாக, "ஆனால் அவள் குணமாகிவிட்டாள்" என்றேன். குணமாவதற்கும் இழந்ததைத் திரும்பப் பெறுவதற்கும் ஆங்கிலத்தில் 'ரெக்கவர்' என்ற ஒரே சொல்தான். டெனிஸுக்கு இரண்டாவது பொருள்தான் கேட்டிருக்க வேண்டும். முகம் மலர, "அப்பாடா, குழந்தை அவளிடம் வந்துவிட்டதா?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன். அவர் முகம் மெல்ல அணைந்ததை அறை முழுக்கப் பார்த்தது.

அதற்குப் பிறகு மல்லிகா என்னை விடவில்லை. வெள்ளைக்காரப் பெண்கள் உட்காரும் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். மழைக்கோட்டில் ஈரத்தைப் பார்த்தால் எனக்குப் பால் கசிந்த சேலை தெரிந்தது. கையெழுத்துப் போடும்போதெல்லாம் பக்கத்தில் யாரோ நின்று எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும். இரண்டாயிரத்து ஏழில், பெரம்பலூரில் இளம் மனநல மருத்துவர்களுக்கு இதே பயிற்சியை நடத்தித் தரச் சொல்லிப் பழைய நண்பர் ஒருவர் கேட்டார். சரி என்று சொன்னதற்கு அந்த மருத்துவர்கள் காரணம் இல்லை.

இறங்கிய மறுநாளே பஸ் பிடித்து உடையார்பாளையம் போய், கலியபெருமாள் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். வாசலில் நாலைந்து பெண்கள் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தவள் தலையைத் தூக்கினாள். தோலிலிருந்து கசியும் எண்ணெய் பட்டு இரண்டு கையும் மணிக்கட்டுவரை கறுத்திருந்தன.

"சீட்டு எழுதின டாக்டருதான?" என்றாள். கோபமில்லாத குரல். அதுதான் என்னைச் சாய்த்துவிட்டது.

"நான் எழுதினது தப்பு மல்லிகா. இப்ப வேற எழுதித் தரேன்."

"இப்ப எழுதி? எம்பொண்ணுக்கு எட்டு வயசாவுது. அங்க அவரு ரெண்டாவதா கட்டிக்கிட்டவள அம்மாங்கறா. அதையும் புடுங்கணுங்கிறீங்களா?" கொட்டையைத் தட்டி உடைத்துப் பருப்பைத் தனியே போட்டாள். பிறகு, "நீங்க வந்து அந்த வூட்டுல வாயால சொல்லுங்க. எனக்குக் கிறுக்கு இல்லன்னு எம்பொண்ணு காதுல வுழணும். அது போதும்" என்றாள்.

அதற்கு முன் பயிற்சிக்கு வந்து அந்த மருத்துவர்களிடம் பேச வேண்டும் என்று ஒரு வேண்டுகோள் வைத்தேன். ஒத்துக்கொண்டு, அடுத்த வாரம் தனியாகவே பஸ் ஏறிப் பெரம்பலூர் வந்தாள். பயிற்சிக்கு வந்த பன்னிரண்டு மருத்துவர்களும் அவளைத் தேநீர் கொடுக்க வந்தவள் என்று நினைத்தார்கள். அவளை முன் நாற்காலியில் உட்காரவைத்து, நான் எழுதிய வரியை அவர்களிடம் சொன்னேன். ஓர் இளைஞர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "இப்பவும் கொரல் கேக்குதாம்மா?"

"எப்பவாச்சும் கேக்கும். கேட்டுட்டுப் போவட்டும்னு வேலையப் பாப்பேன்."

"எங்ககிட்ட என்ன எதிர்பார்க்கிறீங்க?"

மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்கள எங்ககிட்ட கேளுங்க, கூட வந்தவங்ககிட்ட கேக்காதீங்க. அப்பறம், எழுதறப்ப எதுவரைக்கும்னு சேத்து எழுதுங்க. மூணு மாசம்னு சார் எழுதியிருந்தா நான் நாள எண்ணிக்கிட்டுக் கெடந்திருப்பேன். அவங்களும் குடுத்திருப்பாங்க. அவங்க ஒண்ணும் கெட்டவங்க இல்ல. டாக்டரு சொன்னத செஞ்சாங்க."

நான் இங்கிலாந்திலிருந்து கட்டித் தூக்கிவந்த பாடமெல்லாம் அதற்குப் பிறகு தேவைப்படவில்லை.

மறுநாள் எறையூர் போனோம். கணவனும் அவனுடைய இரண்டாவது மனைவியும் கரும்பு வெட்டப் போயிருந்தார்கள். மாமியார் எனக்கு நாற்காலி போட்டார். மல்லிகா வாசற்படியிலேயே நின்றாள். யாரும் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் எழுந்து நின்று, அன்று எழுதியது அந்தச் சில மாதங்களுக்கு மட்டுமானது, மல்லிகா எப்போதோ தேறிவிட்டாள், பிரித்து வைத்த குற்றம் என்னுடையது என்று சொன்னேன். "நாங்க அத மாத்தவே முடியாத எழுத்துன்னுல்ல நெனச்சோம்" என்றார் மாமியார். பள்ளிச் சீருடையில் கதவோரம் நின்ற சிறுமி மல்லிகாவின் கைகளையே பார்த்தாள்.

"என்ன மை அது?"

"முந்திரி எண்ணெ. அழுத்தித் தேச்சாலும் போவாது."

சிறுமி கிட்டே வந்து, ஒரு விரலால் அந்த உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் விரலில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். ஒட்டவில்லை. "பரிச்ச லீவுக்கு வேணா நாலு நாளு அனுப்பறேன்" என்றார் மாமியார், யாரையும் பார்க்காமல். எட்டு வருடத்துக்கு நாலு நாள். மல்லிகா தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்த விடுமுறைக்குச் சிறுமி வந்தாள், இரண்டாம் நாளே அழுது திரும்பிவிட்டாள், அடுத்த விடுமுறையில் நாலு நாளும் இருந்தாள் என்று பிறகு கலியபெருமாள் தொலைபேசியில் சொன்னார். 'பெரியம்மா' என்று கூப்பிடுகிறாளாம்.

எறையூரிலிருந்து திரும்பி, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் மல்லிகாவை உடையார்பாளையம் வழியாகப் போகும் ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. "நீங்க எந்த ஊருக்கு சார் போவணும்?" என்று கேட்டாள். தா.பழூரில் வீடு பூட்டிக் கிடந்தது. இங்கிலாந்தில், தூறலில், இன்னொரு வீடும் பூட்டித்தான் கிடந்தது. "திருச்சி" என்றேன், அங்கிருந்துதான் விமானம். பஸ் கிளம்பியது. எல்லோரும் முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்க, அவள் ஒருத்தி மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எறையூர் பக்கமாகத் திரும்பிப் பார்த்தபடியே போனாள். உடம்பு ஒரு திசையிலும் முகம் ஒரு திசையிலுமாக அவள் போவதைப் பார்த்துக்கொண்டு, பயணப்பையைத் தோளில் மாட்டுவதா கீழே வைப்பதா என்று தெரியாமல் நான் நின்றிருந்தேன்.