எலிக்காலை அளந்தவர்

காஞ்சிபுரத்துக்கு வெளியே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவுகிறேன். அங்கே ஒரு சார் இருந்தார். ஒட்டடைக்குச்சி உடம்பு, எண்ணெய் காணாத தலை. எலியின் கால் நரம்பை வெட்டித் தைப்பார். சில வாரம் கழித்து மயக்க ஊசி போட்டு, தசைநாரைப் பட்டு நூலால் கருவியில் கட்டி, நரம்புக்குக் கரண்ட் கொடுத்து, தசை எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று அளப்பார். அளந்ததும் எலியைக் கொன்றுவிடுவார்.

"கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்ளோ பார்த்துப் பார்த்துப் பட்டு கட்ட மாட்டாங்க சார்," என்பேன். சிரிக்க மாட்டார்.

"தைச்ச எலி நல்லா ஓடிக்கினு இருக்குதே சார்!" என்று கூண்டைக் காட்டினாலும், "நம்பர் வரட்டும்பா," என்பார். கண்ணால் பார்த்ததை நம்பாத ஜென்மம்.

கண்ணாடி கிழித்ததில் என் வலது கையிலும் நரம்பு அறுந்து, ஆஸ்பத்திரியில் தைத்திருந்தார்கள். மாதங்கள் ஆகியும் விரல் மடங்கவில்லை. ஒருநாள் கேட்டேன்.

"என் கைக்குப் பலம் வருமா சார்? கொன்னுடாம அளந்து சொல்லுங்க."

தன் விரலை நீட்டினார். "இறுக்கிப் பிடிப்பா."

பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றேன். எதுவும் அசையவில்லை.

"வருதுப்பா," என்றார்.

"எவ்ளோ சார்?"

அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒழுங்காகப் பொய் சொல்லக்கூடத் தெரியாத மனுஷன். ஆனாலும் அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சைக்கிள் பிரேக்கை மடங்காத அந்த விரல்களாலேயே பிடித்துப் பார்த்துக்கொண்டு போனேன்.