மெட்ராஸுக்கு முன்னால் இருபது வளைவு

எண்பதுகளில் ஏற்காட்டிலிருந்து மெட்ராஸ் போக மூன்று வழிகள் இருந்தன. சேலம் இறங்கி இரவு ரயில். உளுந்தூர்பேட்டை வழியாக விரைவு பஸ். தெரிந்த டிரைவர் கிடைத்தால் காப்பி மூட்டை லாரி. எஸ்டேட் ஆபீஸில் கணக்குப் பார்த்தவன் நான். ரயில் தாமதமானால் என்ன, பஸ் டயர் வெடித்தால் என்ன என்று மூன்றையும் மாற்றி மாற்றி யோசித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டேன்.

என் மனைவியின் கவலையோ சேலத்தோடு முடிந்துவிடும். மலைப்பாதையில் மூன்றாவது வளைவுக்குள் வாந்தி எடுத்துத் துவண்டுவிடுவாள். அதனாலேயே ஒன்பது வருடமாக மலையை விட்டு இறங்கவில்லை. இப்போது மெட்ராஸில் மகளுக்கு முதல் பிரசவம். அவள் பயணம் செய்யக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா பக்கத்தில் இருந்தால்தான் தைரியம் என்று மகள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

டீக்கடையில் விசாரித்தேன். எலுமிச்சம்பழத்தை முகரச் சொன்னார் ஒருவர். பக்கத்து ஊரான வாழவந்திக்காரர் ஒருவர், "நடத்தியே எறக்கி உடுங்க. ரயிலு மட்டும் உங்களுக்காக நிக்காதுங்க" என்றார்.

அன்று மாலை மனைவி கேட்டாள்: "ஏனுங்க, டிரைவருக்கு மட்டும் ஏன் வாந்தி வர்றதில்ல?"

"பழக்கம்."

"கண்டக்டருக்குந்தான் பழக்கம். போன மாசம் அவரு கக்குனாருன்னு நீங்கதான சொன்னீங்க?"

அவளே தொடர்ந்தாள்: "வண்டி எந்தப் பக்கம் திரும்பும்னு டிரைவரு ஒடம்புக்கு முன்னாடியே தெரிஞ்சிருது. அதானோ என்னமோ."

"அப்படியானா நீயும் ரோட்டைப் பார்த்துக்கிட்டே வா."

"பள்ளத்தப் பாத்தா நொம்ப பயமுங்க. நான் கண்ண மூடிக்கறேன். எல்லாத்தையும் எண்றவராச்சே, நீங்க சொல்லிக்கிட்டு வாங்க."

புறப்பட்ட நாள், ரயில் பிடிக்கச் சேலம் போகும் பஸ்ஸில் அவளை முதல் சீட்டில் உட்காரவைத்தேன். எதிரே இன்ஜின் மூடிமேல், ரோட்டுக்கு முதுகு காட்டி நான் உட்கார்ந்தேன். வளைவுகளின் எண் பலகைகள் மேலிருந்து இறங்குமுகம். எனக்கு அவை மனப்பாடம்.

"இருபது, இடது."

கண்ணை மூடியபடி இடது பக்கம் சாய்ந்துகொண்டாள்.

"பத்தொம்பது, வலது."

"இந்த வண்டிக்கு டிரைவரு ரெண்டு பேருங்களா?" என்றது பின் சீட்டுக் குரல்.

"சம்பளத்துல பங்கு கேக்காத வரைக்கும் சரிங்க" என்றார் டிரைவர்.

பன்னிரண்டாவது வளைவில் மனைவி ஒரு கண்ணைத் திறந்து, "இன்னும் வாந்தி வரலீங்க" என்றாள். எனக்கும் ஆச்சரியம்தான். எண்ணிக்கையா காரணம், முதல் சீட்டா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தாவது வளைவில் என் வாயில் நீர் ஊறியது. மூன்றைச் சொல்ல முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டேன்.

முதுகில் அவள் கை பட்டது. "ரெண்டு, இடதுங்க. சாஞ்சுக்குங்க."

சேலம் ஸ்டேஷனில் தன் இட்லியோடு என் பங்கையும் அவளே சாப்பிட்டாள். மறுநாள் காலை மெட்ராஸில் மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிம்மா வந்தே?" என்று கேட்டாள்.

நான் ஒரு வாரம் ஆராய்ந்து தேர்ந்தெடுத்த ரயிலைப் பற்றி மனைவி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

"இருபதுல இருந்து ஒண்ணு வரைக்கும் எண்ணிக்கிட்டே வந்தேன் கண்ணு" என்றாள்.