செங்கிஸ் கான் விட்டுவைத்தவர்கள்

அந்தக் குளம்பொலி இன்னும் காதில் இருக்கிறது. மொன்றியலில் நான் வேலை பார்த்த கண்காட்சி மண்டபத்தில், செங்கிஸ் கானின் குதிரைப்படை ஒலிபெருக்கிக்குள் வந்து, போய், மறுபடி வந்துகொண்டேயிருந்தது. கண்காட்சிக் காவல் என்பது ‘தொடாதே’ என்று கண்ணால் சொல்லிக்கொண்டு நிற்கிற தொழில். நின்றே சம்பளம் வாங்கியவர்களுக்கு என் முழங்கால்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

இடப்பக்கம்

யாழ்ப்பாணத்தில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவள் நான். ஆனால் காவலர்கள் காட்சிப்பொருள்களைப் பற்றிக் கதைக்கக் கூடாது. கழிப்பறை எங்கே என்று கேட்டால் மட்டும் சொல்லலாம். செங்கிஸ் கானிடம் சமர்கந்து நகரம் விழுந்த கதையை வாய்க்குள் அடக்கிக்கொண்டு இடப்பக்கம் கை காட்டுவேன். ஆற்றுக்கு அக்கரையிலுள்ள புறநகர் புரோசார்டிலிருந்து வந்த ஒரு தமிழ் மனுசி, சீனாவிலிருந்து காஸ்பியன் கடல்வரை சிவந்திருந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“இவ்வளவு நாட்டையும் பிடிச்சுப்போட்டுக் கூடாரத்துக்குள்ளயோ படுத்தவன்? அவன்ர மனுசி ஒண்டும் கேக்கேல்லையோ?”

கொல்லர் வரிசை

செபமாலை மன்னார் ஆள், வெல்டிங் தெரிந்தவர். அகதி வழக்கு வென்றபின், மனைவி ரூபியைக் கூப்பிட விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார். ஞாயிறு பூசை முடியக் கண்காட்சிக்கு வந்து ஒரே படத்தின் முன் நிற்பார். விழுந்த நகரத்தின் மதிலுக்கு வெளியே, படைவீரர்கள் சனங்களைப் பிரிக்கிறார்கள். கொல்லர், தச்சர், நெசவாளர் ஒரு பக்கம். அவர்களைக் கொல்லாமல் மங்கோலியாவுக்குக் கொண்டுபோவார்கள். மற்றப் பக்கத்தை ஓவியர் இருட்டாக விட்டிருந்தார்.

விதியை மீறி இதையெல்லாம் விளங்கப்படுத்தினேன். செபமாலை சிரித்தார்.

“அப்ப நான் தப்பியிருப்பன் அக்கா. வெல்டரை ஆர் வெட்டுவான்?”

சட்டைக்கை

இலங்கையில் மறுபடி போர் மூண்டு, வன்னிக்குப் போகும் பாதையைப் பூட்டிய கிழமை அவர் மறுபடி வந்தார். ரூபி தாயோடு இடம்பெயர்ந்து வன்னிக்குள் இருந்தாள். இந்த முறை அவர் கொல்லர்களைப் பார்க்கவில்லை. ஒரு கொல்லனின் சட்டைக்கையைப் பிடித்திருந்த பெண்ணையே பார்த்தார்.

“இவன்ர பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு போக விட்டவங்களோ?”

“சில ஊரில விட்டவங்கள். சில ஊரில விடேல்லை.”

ஒலிபெருக்கியில் குதிரைகள் வந்து, கடந்து போயின.

“எந்த ஊர்களில, அக்கா?”

உலகத்தைப் பிடித்தவனைப் பற்றி அவ்வளவு படித்திருந்தும், அந்த மண்டபத்தில் நான் நிச்சயமாகச் சொல்லக்கூடிய பதில் கழிப்பறை இடப்பக்கம் என்பது ஒன்றுதான்.

ரூபிக்கு விசா வந்தது. போர் முடிந்தபின் அவளைக் கண்டவர் எவருமில்லை. செபமாலை மொன்றியல் துறைமுகத்தில் வெல்டிங் செய்கிறார்.